வீட்டுக்குப் பின்னால் டெக் போடுவதற்கு முன்: உயரம், பேர்மிற், காசு

ஒன்ராறியோவின் புதுக் குடியிருப்புகளில் வீடு வாங்கினால், குசினியில் பின்வளவைப் பார்த்தபடி பெரிய ஸ்லைடிங் கதவு ஒன்று இருக்கும். திறந்தால் கால் வைக்க இடம் இருக்காது. மூன்று நான்கு அடி கீழே புல்தரை. வீடு கட்டியவர் கதவுக்குக் குறுக்கே ஒரு தடுப்பை அடித்துவிட்டோ, ஒடுங்கிய நாலு படியை வைத்துவிட்டோ போயிருப்பார். மிச்சம் உங்கள் பாடு. முதல் கோடையிலேயே டெக் பற்றிய கதை தொடங்கிவிடும். பாபிகியூ வைக்க வேண்டும், பின்னேரம் தேத்தண்ணியோடு இருக்க வேண்டும், பிள்ளையின் பிறந்தநாளுக்கு வருகிறவர்களை எங்கேயாவது நிறுத்த வேண்டும், குளிர்காலம் முழுக்க யன்னலோரம் கிடந்து வாடிய கறிவேப்பிலைச் சட்டியை வெளியே எடுத்து வைக்க வேண்டும்.

டெக் என்பது மரச்சட்டத்தின் மேல் பலகை அடித்த திறந்த மேடைதான். பெரிய வித்தை இல்லை. ஆனால் நிலம், பனி, நகரசபை, கொன்றாக்டர் என்று நாலு பக்கத்தாலும் காசு கேட்கும். முதல்முறை போடுகிறவர்கள் எதை எந்த ஒழுங்கில் யோசிக்க வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன். சட்ட அளவுகள் ஒன்ராறியோவுக்கு உரியவை. வேறு மாகாணத்தில் இருந்தால் அந்த இடத்து விதியைப் பாருங்கள்.

முதலில் உயரம்

எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி “சதுர அடிக்கு எவ்வளவு?” என்பது. அதைப் பிறகு கேட்கலாம். டெக்கின் மேற்பரப்பு நிலத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கப் போகிறது என்று முதலில் பாருங்கள். பேர்மிற் (நகரசபையின் கட்டட அனுமதி), ரெயிலிங், படிகள், அத்திவாரம் எல்லாம் அந்த ஒரு எண்ணைப் பொறுத்தே மாறும். ஒரே பரப்புள்ள இரண்டு டெக்குகளில் ஒன்று மற்றதைப் போல் ஒன்றரை மடங்கு காசு கேட்டால், காரணம் பெரும்பாலும் உயரமாகத்தான் இருக்கும்.

நினைவில் வைக்க வேண்டிய எல்லை 600 மில்லிமீற்றர், ஏறக்குறைய 24 அங்குலம். டெக் அதற்கு மேல் உயர்ந்தால் மாகாணக் கட்டட விதிப்படி சுற்றிவர ரெயிலிங் கட்டாயம். அதன் உயரம் 900 மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது. நிலத்திலிருந்து 1.8 மீற்றருக்கு மேல் நிற்கும் டெக்குக்கு 1,070 மில்லிமீற்றர் வேண்டும். கம்பிகளுக்கு இடையில் 100 மில்லிமீற்றர் குறுக்களவுள்ள பந்து நுழையக் கூடாது. சின்னப் பிள்ளையின் தலையை நினைத்து வைத்த அளவு அது. பல நகரசபைகளில் பேர்மிற் கேட்பதும் இந்த 24 அங்குலத்துக்கு மேல்தான். ஆனால் டெக் வீட்டோடு பொருத்தியதா, எவ்வளவு பெரிது என்பதையும் சில இடங்களில் சேர்த்துப் பார்ப்பார்கள். உங்கள் நகரசபையின் இணையப் பக்கத்தைப் பார்க்காமல், பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். அவர் பேர்மிற் எடுத்தாரா என்பதே தெரியாது.

இப்போது அளந்து பாருங்கள். கதவின் அடி நிலத்திலிருந்து 36 அங்குலம் என்று வைப்போம். கதவு மட்டத்துக்கே டெக் போட்டால் ரெயிலிங், பேர்மிற், தரைக்கு ஐந்து ஏற்றம் உள்ள படிக்கட்டு எல்லாம் வந்துவிடும். அதற்குப் பதிலாக டெக்கை 22 அங்குல உயரத்தில் போட்டு, கதவிலிருந்து ஏழு ஏழு அங்குலமாக இரண்டு ஏற்றத்தில் இறங்கினால் ரெயிலிங் கட்டாயமில்லை. டெக்கிலிருந்து புல்லுக்கு மூன்றே ஏற்றம். வெளிப்படியில் மூன்று ஏற்றத்துக்கு மேல் போனால்தான் கைபிடி வேண்டும் என்பதால் அந்தச் செலவும் இல்லை. நிலம் ஒரு பக்கம் சரிந்திருந்தால் ஆகத் தாழ்ந்த மூலையில் அளவெடுக்க வேண்டும். கதவடியில் 22 அங்குலம் காட்டிய டெக், தூர மூலையில் 27 காட்டக்கூடும்.

எனக்குத் தாழ்ந்த டெக்தான் பிடிக்கும். குசினியில் நின்று பார்த்தால் கம்பிகளுக்குப் பதிலாக வளவு தெரியும். வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டாரோடு முகத்துக்கு முகம் இருக்கவும் தேவையில்லை. ஆனால் வீட்டில் முழங்கால் நோவோடு அம்மாவோ அப்பாவோ இருந்தால் கதை வேறு. அவர்கள் கதவைத் திறந்து நேரே நடந்து வந்து கதிரையில் இருக்க வேண்டுமென்றால் கதவு மட்டம்தான் சரி. அங்கே ரெயிலிங்குக்குப் போகும் காசை வீண் என்று சொல்ல மாட்டேன்.

பேஸ்மென்றிலிருந்து நேரே வளவுக்கு வெளிக்கிடும் வோக்-அவுட் வீடுகளில் டெக் எட்டு ஒன்பது அடி உயரத்தில் நிற்கும். விதிப்படி ஒரு படியின் ஏற்றம் 200 மில்லிமீற்றரைத் தாண்டக் கூடாது என்பதால், ஒன்பது அடிக்கு 14 ஏற்றமாவது வேண்டும். படிக்கட்டே ஒரு தனித் திட்டம் ஆகிவிடும். சிலர் படியை விட்டுவிட்டு மேல்மாடம் போலப் பாவிக்கிறார்கள். காசு இறுக்கமென்றால் அது கெட்டிக்காரத்தனமான முடிவு.

எவ்வளவு பெரிது

பின்வளவில் கயிற்றைப் போட்டு எல்லை குறித்து, உள்ளே இருக்கிற மேசையையும் கதிரைகளையும் அதற்குள் வைத்துப் பாருங்கள். ஆறு பேர் இருக்கும் மேசைக்கு, கதிரையை இழுத்து எழும்பவும் சுற்றி நடக்கவும் சேர்த்து 10க்கு 12 அடி தேவைப்படும். பாபிகியூவுக்கு ஒரு மூலை தனியாக வேண்டும். கதவிலிருந்து படிக்குப் போகும் வழி மேசையைச் சுற்றிப் போகாமல் நேரே இருக்க வேண்டும்.

மரம் 8, 10, 12, 14, 16 அடி என்று இரட்டைப்பட எண்களில்தான் கடையில் கிடைக்கும். 12க்கு 16 அடி டெக் என்றால் பலகை வீணாகாது. 13க்கு 17 என்று ஆசைப்பட்டால் ஒவ்வொரு பலகையிலும் ஒரு துண்டை வெட்டி எறிய வேண்டும், அல்லது நடுவில் பொருத்து வைக்க வேண்டும். ஓரடிக்காக அந்தக் காசு தேவையில்லை.

வெளியில் பெரிய அடுப்பு வைத்து மீன் பொரிக்கிற வீடு என்றால் (நம்மில் பாதிப் பேர் அப்படித்தான்) அந்த அடுப்பை டெக்கில் வைக்க வேண்டாம். அதற்கு நிலத்தில் நாலு கொங்கிறீற் கல் பதித்து, சுவரை விட்டுத் தள்ளி ஓர் இடம் ஒதுக்குங்கள். மரத்தின் மேல் எண்ணெய்த் தாச்சி ஆபத்து. பிளாஸ்ரிக் கலந்த கொம்போசிற் பலகையில் சிந்திய எண்ணெயை உடனே கழுவாவிட்டால் கறை நின்றுவிடும்.

இன்னொன்றையும் இப்போதே முடிவெடுத்துவிட வேண்டும்: பிறகு கூரை போடுவீர்களா, ஹொட் ரப் வைப்பீர்களா? சாதாரண டெக் சதுர அடிக்கு 40 இறாத்தல் பாரத்துக்குக் கணக்குப் பார்த்துக் கட்டப்படுகிறது. பிறந்தநாள் கூட்டத்தை அது தாங்கும். 1,500 லீற்றர் தண்ணீர் நிறைத்த தொட்டி ஒன்றரைத் தொன். அதற்கு அடியில் தனிச் சட்டமும் பொறியியலாளர் கணக்கும் வேண்டும். கூரை வந்தால் பனியின் பாரமும் தூண்களுக்குப் போகும். “பிறகு பார்ப்போம்” என்று விட்டால் அத்திவாரத்தையே மாற்ற வேண்டிவரும்.

காணி, பேர்மிற், பேஸ்மென்ற் யன்னல்

வீடு வாங்கும்போது சட்டத்தரணி தந்த கடதாசிக் கட்டில் சேர்வே பிளான் (காணியின் அளவை வரைபடம்) இருக்கிறதா என்று தேடுங்கள். எல்லையிலிருந்து டெக் எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்பது ஒவ்வொரு நகரசபையின் வலய விதியிலும் இருக்கிறது. சேர்வே இல்லாமல் அதைக் காட்ட முடியாது. அதிலேயே ஈஸ்மென்ற் எனப்படும் பொதுப் பாவனைப் பட்டி ஏதும் வளவுக்குள்ளால் போகிறதா என்றும் தெரியும். வேலியோரமாக மழைத்தண்ணீர் ஓடுவதற்கென்று விட்ட ஆழமில்லாத வாய்க்காலையும் மறிக்கக் கூடாது. மறித்தால் முதல் பெருமழையில் பக்கத்து வீட்டார் கதவைத் தட்டுவார்.

பேஸ்மென்றை வாடகைக்கு விட்டிருப்பவர்கள் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும். பின்பக்கத்து பேஸ்மென்ற் யன்னல் அந்த அறையிலிருந்து தீ நேரத்தில் தப்பும் வழியாக இருந்தால், அதன் மேலே டெக் போட்டு மூட முடியாது. வெளிச்சம் போவது ஒரு பக்கம், பேஸ்மென்றின் அனுமதியே கேள்விக்கு வந்துவிடும். காஸ் மீற்றர், உடுப்புக் காயவைக்கும் மெசினின் காற்றுக் குழாய், ஏசிப் பெட்டி ஆகியவையும் டெக்குக்குக் கீழே சிக்கிவிடாமல் பாருங்கள்.

பேர்மிற் எடுப்பது பயப்படும் வேலை இல்லை. டெக்கின் நில வரைபடம், சட்டத்தின் வரைபடம், பக்கத் தோற்றம், சேர்வே ஆகியவைதான் முக்கியமாகக் கேட்பார்கள். வீட்டு உரிமையாளரே வரைந்து கொடுக்கலாம். விண்ணப்பம் முழுமையாக இருந்தால் வீடுகளுக்கு 10 வேலைநாட்களுக்குள் பதில் தர வேண்டும் என்பது விதி. ஆனால் முழுமையாக இல்லை என்று திருப்பி அனுப்பினால் நாட்கள் திரும்பவும் முதலிலிருந்து ஓடும். பேர்மிற் கிடைத்த பிறகு இன்ஸ்பெக்டர் வருவார்: குழி தோண்டி கொங்கிறீற் ஊற்றுவதற்கு முன், சட்டம் அடித்து முடிந்ததும், கடைசியில் ஒருமுறை. எந்தக் கட்டத்தில் கூப்பிட வேண்டும் என்று பேர்மிற்றிலேயே எழுதியிருக்கும்.

பேர்மிற் இல்லாமல் போட்டவர்கள் நிறையப் பேர். வீடு விற்கும் நேரத்தில்தான் அது தலையிடியாகும். வாங்குபவரின் சட்டத்தரணி கேட்பார், நீங்கள் விலையில் விட்டுக்கொடுப்பீர்கள். ரவுன்ஹவுஸ் கொண்டோவில் இருப்பவர்கள் நகரசபைக்கு முன்னால் தங்கள் நிர்வாக சபையின் எழுத்து அனுமதியை வாங்க வேண்டும்.

நிலத்துக்குக் கீழே

தெற்கு ஒன்ராறியோவில் குளிர்காலத்தில் நிலம் நாலடி, அதாவது 1.2 மீற்றர் ஆழம் வரை உறையலாம் என்று கணக்கு. உறையும் ஈரமண் ஊதி, மேலே இருப்பதைத் தூக்கும். அதனால்தான் தூண்களின் அத்திவாரம் அந்த ஆழத்துக்குக் கீழே இறங்க வேண்டும். இரண்டடியில் நிறுத்தினால் சில குளிர்காலத்தில் ஒரு மூலை எழும்பி நிற்கும், ஸ்லைடிங் கதவு இறுகும். வீட்டோடு பொருத்தாத, மிகத் தாழ்ந்த சின்ன டெக்கை நிலத்தின் மேலே வைக்கும் கொங்கிறீற் கட்டைகளில் நிறுத்த விதியில் இடம் இருக்கிறது. அது வருடா வருடம் கொஞ்சம் அசையும். அதை ஏற்றுக்கொண்டால் மலிவான வழி.

மற்றவர்களுக்கு இரண்டு வழி. ஒன்று, குழி தோண்டி சோனோரியூப் என்கிற கடதாசி அச்சுக் குழாயை இறக்கி கொங்கிறீற் ஊற்றுவது. 12 அங்குலக் குழாய் நாலடி ஆழத்துக்கு 30 கிலோப் பை ஆறு ஏழு குடிக்கும். ஆறு குழி என்றால் 40 பை வரை, ஒரு தொன்னுக்கு மேல். காரில் ஏற்றி வரும் யோசனை வேண்டாம், கடையில் டெலிவரி எடுங்கள். மற்றது, உருக்குத் திருகுத் தூண்கள். மெசின் கொண்டுவந்து நிலத்துக்குள் முறுக்கி இறக்கிவிட்டு அன்றைக்கே போய்விடுவார்கள். மண் அள்ள வேண்டியதில்லை, கொங்கிறீற் காயக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொன்றும் விலை கூட. ஆனால் எங்கள் பக்கத்துக் களிமண்ணில் குழி தோண்டும் கூலியையும், தோண்டிய மண்ணை ஏற்றி அனுப்பும் செலவையும் கூட்டிப் பார்த்தால் வித்தியாசம் சுருங்கிவிடும். ஒடுங்கிய பக்க வழியுள்ள வீட்டுக்கு நான் இதைத்தான் சொல்வேன், மெசின் உள்ளே வர முடியுமானால்.

எந்த வழியானாலும், மண்வெட்டி வைப்பதற்குக் குறைந்தது ஐந்து வேலைநாட்களுக்கு முன் ஒன்ராறியோ வன் கோலுக்கு அறிவியுங்கள். காஸ், ஹைட்ரோ, தொலைபேசிக் கம்பிகள் போகும் இடத்தை வந்து நிறம் அடித்துக் காட்டுவார்கள். இலவசம், சட்டப்படி கட்டாயமும்கூட. பாபிகியூவுக்கோ கராஜுக்கோ நீங்களோ முந்தைய உரிமையாளரோ தனியாக இழுத்த லைனை அவர்கள் குறிக்க மாட்டார்கள். அதற்குத் தனியார் ஆளைப் பிடிக்க வேண்டும்.

அடுத்தது வீட்டுச் சுவர். டெக்கின் ஒரு பக்கத்தை லெட்ஜர் பலகை (சுவரோடு பூட்டி டெக்கின் ஓரத்தைத் தாங்கும் பலகை) மூலம் வீட்டில் பொருத்தினால் ஒரு வரிசைத் தூண் மிச்சம். ஆனால் இங்கே பெரும்பாலான வீடுகளின் வெளிச் செங்கல் அலங்காரத் தோல் மாதிரி. பாரம் தாங்குவது உள்ளே இருக்கும் மரச்சட்டம். அந்தச் செங்கலில் லெட்ஜரை அடிக்க நகரசபை பொதுவாக விடாது. விட்டாலும் நீங்கள் விடக் கூடாது. டெக் இடிந்து விழுந்த செய்திகளில் அடிக்கடி குற்றவாளி, ஆணியால் மட்டும் அடித்த லெட்ஜர்தான். செங்கல் வீட்டுக்குச் சுவரோரமாகவே இன்னொரு வரிசைத் தூண் வைத்து, டெக்கைத் தன் காலில் நிற்க விடுங்கள். கொட்டேசன் தருபவர் “செங்கலில் போல்ட் அடித்துவிடலாம், பிரச்சினை இல்லை” என்றால் அவருக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

மரமா, கொம்போசிற்றா

மலிவானது பிரஷர் ரிறீற்றட் மரம், மருந்து ஏற்றிய பைன் அல்லது ஸ்புறூஸ். ஒழுங்காகப் பூச்சு அடித்துப் பராமரித்தால் 15, 20 வருடம் ஓடும். சீடர் மரம் வடிவு, மணமும் நல்லது, விலை இடைப்பட்டது, பராமரிப்பு அதே அளவு. கொம்போசிற் மரத்தூளும் பிளாஸ்ரிக்கும் கலந்த பலகை. பலகை விலை மருந்தடித்த மரத்தைப் போல் இரண்டு மடங்கும் அதற்கு மேலும் வரும். பூச்சு அடிக்கத் தேவையில்லை, பல கம்பனிகள் 25 வருட உத்தரவாதம் தருகின்றன. கடும் நிறக் கொம்போசிற் வெயிலில் நன்றாகச் சுடும். வெறுங்காலில் திரியும் வீடென்றால் இளநிறம் எடுங்கள்.

விற்பவர்கள் சொல்லாத ஒன்று இருக்கிறது. கொம்போசிற் மேலே போனாலும் கீழே இருக்கும் ஜோயிஸ்ற் (பலகையைத் தாங்கும் குறுக்கு மரம்), பீம் (ஜோயிஸ்ற்றைத் தாங்கும் உத்திரம்), போஸ்ற் (தூண்) எல்லாம் அதே மருந்தடித்த மரம்தான். பலகை 25 வருடம் நின்றாலும் சட்டம் அதற்கு முன் உக்கினால் என்ன பலன்? ஜோயிஸ்ற்றின் மேல்விளிம்பில் தண்ணீர் நிற்காமல் ஒட்டும் நாடா விற்கிறது. கொம்போசிற்றுக்குச் செலவழிப்பவர் அந்தச் சின்னச் செலவை விடக் கூடாது. காசு அளவாகத்தான் இருக்கிறதென்றால் அத்திவாரத்துக்கும் சட்டத்துக்கும் முதலில் கொடுங்கள். மேலே மரப்பலகை போட்டு, பத்து வருடம் கழித்து பலகையை மட்டும் மாற்றலாம்.

மருந்தில் செம்பு இருப்பதால் வெறும் இரும்பு ஆணி, ஸ்குறூ கெதியாக அரிக்கும். சூடான துத்தநாகத்தில் தோய்த்ததோ, மருந்தடித்த மரத்துக்கென்றே பூச்சிட்டதோதான் வேண்டும். பழைய டெக்கை உடைத்துவிட்டுப் புதிது போடுபவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. வீட்டுப் பாவனைக்கான மரத்தில் ஆர்செனிக் கலந்த மருந்து 2003 முடிவோடுதான் நின்றது. அதற்கு முந்திய பலகையை எரிக்க வேண்டாம். மிளகாயும் வெண்டியும் நட பாத்திச் சட்டம் அடிக்கவும் வேண்டாம். ஆசை வரும், விட்டுவிடுங்கள்.

காசுக் கணக்கு

12க்கு 16 அடி, கதவு மட்டத்தில் மூன்றடி உயரம், செங்கல் வீடு என்று ஒரு டெக்கை எடுப்போம். பரப்பு 192 சதுர அடி. ஐந்தரை அங்குல அகலப் பலகை, 16 அடி நீளத்தில் 27. வெட்டுச் சேதாரத்தோடு 30 வாங்க வேண்டும். 16 அங்குலத்துக்கு ஒன்றாக 12 அடி ஜோயிஸ்ற் 13. இரண்டு பீம், ஆறு குழி. ரெயிலிங் மூன்று பக்கமும் 40 அடி, படிக்கு நாலடி விட்டால் 36 அடி. இந்த 36 அடியை மரத்தில் போடலாம், அலுமினியத்தில் போடலாம், கண்ணாடியில் போடலாம். கண்ணாடி என்று ஆசைப்பட்டால் ரெயிலிங் விலை பலகை விலையைத் தாண்டிவிடக்கூடும். அதனால்தான் உயரத்தை முதலில் பார்க்கச் சொன்னேன்.

கொன்றாக்டர் மரத்தில் சதுர அடிக்கு 55 டொலர் என்கிறார் என்று கணக்குக்கு வைப்போம். உங்கள் பகுதி விலை வேறாக இருக்கும், கணக்குப் போடும் முறையைப் பாருங்கள்.

192 சதுர அடி × 55 = 10,560 டொலர்
எச்.எஸ்.ரி. (விற்பனை வரி) 13 வீதம் = 1,373 டொலர்
கூட்டினால் 11,933 டொலர்
எதிர்பாராததுக்கு 15 வீதம் = 1,790 டொலர்
மொத்தம் 13,723 டொலர்

பேர்மிற் கட்டணம், பூச்சு, நசிந்த புல்லைத் திருத்துவது எல்லாம் சேர, கையில் 14,000 டொலருக்கு மேலே இருக்க வேண்டும். வாயால் சொன்ன 10,560ஐ விட மூன்றில் ஒரு பங்கு கூட. எதிர்பாராததுக்கு என்று வைத்த காசு பெரும்பாலும் நிலத்துக்குள்தான் போகும். குழியில் பெரிய கல் வரும், பழைய டெக்கின் கொங்கிறீற் வரும், இல்லாவிட்டால் பழைய லெட்ஜரைக் கழற்றியதும் வீட்டுச் சட்டம் உக்கியிருக்கும்.

கூடிவிட்டால் எதைக் குறைப்பது? கீழ்ப்பகுதியை மறைக்கும் சட்டங்கள், விளக்குகள், பொருத்திய வாங்குகள், பந்தல் எல்லாவற்றையும் அடுத்த வருடத்துக்குத் தள்ளலாம். விளக்கோ வெளிப் பிளக்கோ பிறகு வருமென்றால் இப்போதே ஒரு வெறுங்குழாயைச் சட்டத்துக்குள்ளால் விட்டு வையுங்கள். மின்வேலைக்கு மாகாண மின்பாதுகாப்பு ஆணையமான ஈ.எஸ்.ஏ.யிடம் தனியாக அறிவிப்புக் கொடுக்க வேண்டும். உடைப்பதையும் பூச்சு அடிப்பதையும் நீங்களே செய்தால் கூலி குறையும், மொத்தச் செலவில் ஏறக்குறைய பாதி கூலிதான். குழியின் ஆழம், தூண்களின் எண்ணிக்கை, ரெயிலிங்கின் உறுதி ஆகியவற்றில் மட்டும் கை வைக்க வேண்டாம்.

கொட்டேசனும் கையெழுத்தும்

ஒரே வரைபடத்தை மூன்று பேரிடம் கொடுத்து விலை கேளுங்கள். வரைபடம் இல்லாமல் கேட்டால் ஒருவர் ஆறு குழிக்கும் இன்னொருவர் நாலு குழிக்கும் விலை சொல்வார். மலிவாகத் தெரிவது உண்மையில் குறைந்த வேலையாக இருக்கும். கொட்டேசனில் குழிகளின் எண்ணிக்கையும் ஆழமும், ஜோயிஸ்ற் அளவும் இடைவெளியும், ரெயிலிங் வகை, ஸ்குறூ வகை, மண்ணையும் பழைய டெக்கையும் யார் அகற்றுவது, பேர்மிற் யார் பெயரில், வரி சேர்ந்ததா இல்லையா என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். விலை எந்தத் திகதி வரை செல்லும் என்பதும் இருக்க வேண்டும். 2021 மே மாதம் வட அமெரிக்கச் சந்தையில் மரம் ஆயிரம் போர்ட்-ஃபுட் (ஓரடிக்கு ஓரடி, ஓரங்குலத் தடிப்புள்ள மரம் ஒரு போர்ட்-ஃபுட்) 1,600 அமெரிக்க டொலரைத் தாண்டி, அந்தக் கோடைக்குள்ளேயே பாதிக்கும் கீழே இறங்கியது. அப்படி ஆடும் பொருள் இது.

“காசாகத் தந்தால் வரி இல்லை அண்ணை” என்று ஒருவர் வருவார். தெரிந்தவராக, ஊர்க்காரராக, கோயிலில் காண்பவராக இருப்பார். மறுப்பது சங்கடம்தான். ஆனால் ரசீது இல்லாத வேலைக்கு உத்தரவாதம் கேட்க முடியாது. அவருடைய வேலையாள் ஏணியிலிருந்து விழுந்தால் யார் பொறுப்பு என்ற கேள்வி உங்கள் வீட்டு வாசலில் நிற்கும். தெரிந்தவரோ தெரியாதவரோ, பொதுப் பொறுப்புக் காப்புறுதிப் பத்திரத்தையும் டபிள்யூ.எஸ்.ஐ.பி. (வேலையிடக் காப்புறுதிச் சபை) கிளியரன்ஸ் சான்றிதழையும் கேளுங்கள். வேலையில் கெட்டிக்காரர் என்றால் தயங்காமல் தருவார்.

முற்பணம் 10 வீதத்துக்கு மேல் கொடுக்க வேண்டாம் என்பதே மாகாண அரசின் அறிவுரை. அதற்குப் பிறகு மரம் வந்து இறங்கியதும் ஒரு பகுதி, சட்டத்துக்கான இன்ஸ்பெக்ஷன் முடிந்ததும் ஒரு பகுதி, கடைசி இன்ஸ்பெக்ஷனுக்குப் பிறகு மிச்சம் என்று பிரியுங்கள். ஒன்ராறியோவின் கட்டுமானச் சட்டம் 10 வீதத்தை நிறுத்தி வைக்கவும் சொல்கிறது. கொன்றாக்டர் மரக்கடைக்கோ வேலையாளுக்கோ காசு கொடுக்காவிட்டால் அவர்கள் உங்கள் வீட்டின் மேல் உரிமை கோர முடியும் என்பதால்தான் இந்த ஏற்பாடு. ஒப்பந்தத்தில் எழுதிய மதிப்பீட்டை விட 10 வீதத்துக்கு மேல் அவர் கேட்க முடியாது, நீங்கள் புதிதாக ஏதும் சேர்த்து அதற்குக் கையெழுத்திட்டால் தவிர. வீட்டுக்கு வந்து கையெழுத்து வாங்கிய ஒப்பந்தமென்றால் அதன் பிரதி கிடைத்து 10 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே கைவிடலாம்.

எப்போது தொடங்குவது

மே மாதம் வெயிலைக் கண்டதும் யோசனை வந்தால் அந்தக் கோடை போய்விட்டது என்றே வையுங்கள். நல்ல ஆட்களின் நாட்கள் சித்திரைக்குள் நிரம்பிவிடும். ஜனவரியில் அளவெடுத்து வரைந்து, பெப்ரவரியில் விலையும் பேர்மிற்றும் பார்த்து, நிலம் இளகியதும் குழி தோண்டுவது ஒரு வழி. மற்றது செப்டெம்பர், ஒக்டோபர். கோடை வேலைகள் முடிந்து கொன்றாக்டர்கள் ஓய்வாக இருப்பார்கள், விலை பேசவும் இடம் கிடைக்கும். நிலம் உறைவதற்குள் கொங்கிறீற் ஊற்றி முடித்துவிட்டால் மிச்சத்தைக் குளிரிலும் அடிக்கலாம்.

வேலை முடிந்ததும் வீட்டுக் காப்புறுதிக் கம்பனிக்கு அறிவித்துவிடுங்கள். வரைபடம், பேர்மிற், இன்ஸ்பெக்ஷன் முடிந்த கடதாசி, ரசீதுகள், குழிகளை மூடுவதற்கு முன் எடுத்த படங்கள் எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு சேர்வே பிளானோடு வையுங்கள்.

மருந்தடித்த புதுப் பலகை கடையிலிருந்து ஈரமாகத்தான் வரும். அடுத்த நாளே பூச்சு அடித்தால் உரிந்துவிடும். பலகையில் சில துளி தண்ணீர் விட்டுப் பாருங்கள். மணி மணியாக நின்றால் இன்னும் காயவில்லை, உறிஞ்சினால் அடிக்கலாம். சில கிழமையும் எடுக்கும், சில மாதமும் எடுக்கும். பிறகு இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை. பனி தள்ள பிளாஸ்ரிக் சவள் போதும், பலகை ஓடும் திசையிலேயே தள்ளுங்கள். சித்திரையில் பனி போனதும் கீழே குனிந்து, போஸ்ற்றின் அடியை ஸ்குறூ டிறைவரால் குத்திப் பாருங்கள். மெத்தென்று உள்ளே இறங்கினால் அந்தக் கோடையில் கூட்டம் கூப்பிடுவதற்கு முன் தச்சு வேலை தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள்.